எவரெஸ்ட் உச்சிக்குப் பக்கத்தில் போனவர் நெய்யூரில் என்ன தேடினார்? டாக்டர் சோமர்வெல்லின் கதை

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு சோமர்வெல் என்ற பெயர் புதிதில்லை. எல்லை தாண்டினால் வரும் காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரிக்கே டாக்டர் சோமர்வெல் நினைவு சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி என்றுதான் பெயர். ஆனால் யார் இந்த சோமர்வெல் என்று கேட்டால், எவரெஸ்ட் ஏறிய வெள்ளைக்கார டாக்டர் என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்வார்கள்.

அது உண்மைதான். எவரெஸ்ட்டில் சுமார் 8,500 மீட்டர் உயரம் வரை, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் போனவர் அவர். லண்டனில் பெரிய சர்ஜனாக ஆகியிருக்க வேண்டியவர், தென் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூரில் கிட்டத்தட்ட 25 ஆண்டுகள் வேலை பார்த்தார்.

அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அபூர்வம் என்று படித்த நோய்கள், நெய்யூர் வாசலில் தினமும் வந்து நின்றன. மருந்து கொடுத்து அனுப்புவதோடு அவர் விடவில்லை. இந்த ஊரில் மட்டும் இது ஏன் இவ்வளவு வருகிறது என்று கேட்டார். இன்று காரணம் தெரியாத சிறுநீரக நோயை ஆராயும் டாக்டர்கள் கேட்பதும் இதே கேள்விதான்.

ஷூ கம்பெனி வீட்டுப் பிள்ளை

தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் 1890 ஏப்ரல் 16-ம் தேதி இங்கிலாந்தின் கெண்டல் என்ற ஊரில் பிறந்தார். குடும்பத்துக்கு ஷூ தயாரிக்கும் தொழில். இங்கிலாந்தில் பெயர்பெற்ற 'கே ஷூஸ்' அவர்களுடையதுதான். வசதிக்குக் குறைவில்லை. ரக்பி பள்ளியில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் போனார். அங்கே இயற்கை அறிவியலில் முதல் வகுப்பு. பிறகு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவப் பயிற்சி. மலையேற்றம், ஓவியம், இசை மூன்றிலும் ஆர்வம் உண்டு.

படிப்பு முடிந்த நேரத்தில் முதல் உலகப் போர் வந்தது. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து பிரான்ஸ் போனார்.

சோம் போர்முனையில் என்ன நடந்தது?

1916 ஜூலை 1-ம் தேதி சோம் போர் தொடங்கியது. முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 57,000 பேர் காயமடைந்தோ, இறந்தோ, காணாமலோ போனார்கள். சோமர்வெல் இருந்த முகாமில் ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் சில பேர்தான். வெளியே வயல்வெளி முழுக்க ஸ்ட்ரெச்சரில் காயம்பட்ட சிப்பாய்கள். யாரை முதலில் உள்ளே தூக்கி வருவது, யாரை விட்டுவிடுவது என்று டாக்டர்களே முடிவெடுக்க வேண்டிய நிலை.

வெளியே போய் அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்தபோது, என்னை முதலில் பாருங்கள் என்று ஒருவர்கூட கேட்கவில்லை என்பதை அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தார். போர் மீதே அவருக்கு வெறுப்பு வந்தது அங்கேதான். கூட்டமாக நோயாளிகள், கைவிட்டு எண்ணக்கூடிய டாக்டர்கள் என்ற காட்சியை வாழ்க்கையில் இரண்டாவது முறை அவர் பார்த்தது நெய்யூரில்.

1922: ஏழு பேர் இறந்த பனிச்சரிவு

போர் முடிந்தது. 1920-ல் அறுவை சிகிச்சையின் உயர் தகுதியான எஃப்.ஆர்.சி.எஸ். கிடைத்தது. 1922-ல் எவரெஸ்ட் ஏறக் கிளம்பிய பிரிட்டிஷ் குழுவில் இடமும் கிடைத்தது. அந்த மே மாதம் ஜார்ஜ் மல்லோரி, எட்வர்ட் நார்ட்டன் ஆகியோருடன் ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 8,225 மீட்டர் வரை ஏறினார். அதுவரை மனிதன் கால் வைத்த அதிகபட்ச உயரம் அது.

ஆனால் ஜூன் 7-ம் தேதி நடந்த மூன்றாவது முயற்சியில் பனிச்சரிவு வந்தது. சுமை தூக்கி வந்த ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். கூடப் போன ஆங்கிலேயர்கள் மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் சோமர்வெல். சாவு ஏன் சுமை தூக்கியவர்களுக்கு மட்டும் வந்தது என்ற குற்ற உணர்வு அவரை விடவில்லை.

ஊருக்குத் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று வடக்கிலிருந்து தெற்கே வந்தார். அப்படி வந்து சேர்ந்த இடம்தான் நெய்யூர்.

நெய்யூரில் என்ன இருந்தது?

இன்றைய கல்குளம் தாலுகாவில், இரணியலுக்குப் பக்கத்தில் இருக்கிறது நெய்யூர். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ம் தேதிதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாக தமிழ்நாட்டுக்கு வந்தன.

லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி நெய்யூரில் 1838-லேயே டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே காலத்தில் தொடங்கிவிட்டது. ஆக, சோமர்வெல் வந்தபோது ஆஸ்பத்திரி பழையது, பெயரும் பெரியது. சர்ஜன் மட்டும் ஒருவர்தான். அவர் டாக்டர் பியூ. வாசலில் நின்ற கூட்டத்துக்கு அந்த ஒரு ஜோடி கை எப்படிப் போதும்?

சோமர்வெல் முடிவெடுக்க அதிக நாள் ஆகவில்லை. லண்டனில் அவர் பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரியிலேயே நல்ல பதவி காத்திருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நெய்யூருக்கு வந்துவிட்டார். நண்பர்கள் பலருக்கும் அது புரியவே இல்லை.

1924: தன் தொண்டையையே கவனித்த டாக்டர்

நெய்யூரில் வேலையைத் தொடங்கிய பிறகு, 1924 எவரெஸ்ட் குழுவுக்கு மறுபடி அழைப்பு வந்தது. போனார். மே மாதம் மேலே சிக்கிக்கொண்ட நான்கு சுமைத் தொழிலாளர்களை மீட்க மல்லோரி, நார்ட்டன், சோமர்வெல் மூவரும் கிளம்பினார்கள். எப்போது வேண்டுமானாலும் சரியக்கூடிய பனியில் கயிறு கட்டிக்கொண்டு குறுக்கே நடந்து போனவர் சோமர்வெல். நான்கு பேரும் உயிரோடு கீழே வந்தார்கள். 1922-ல் நடந்தது மறுபடி நடக்கவில்லை.

ஜூன் 4-ம் தேதி நார்ட்டனும் அவரும் உச்சியை நோக்கி ஏறினார்கள். சுமார் 8,500 மீட்டரில் சோமர்வெல் நின்றுவிட்டார். தொண்டை வலியும் இருமலும் மூச்சுவிட விடவில்லை. நார்ட்டன் தனியாக 8,573 மீட்டர் வரை போய்த் திரும்பினார். ஆக்சிஜன் இல்லாமல் அதைவிட உயரத்தை மனிதன் தொட்டது 1978-ல்தான்.

இறங்கும் வழியில் சோமர்வெல்லின் தொண்டையில் ஏதோ வந்து அடைத்தது. மூச்சு போகவும் இல்லை, வரவும் இல்லை. நார்ட்டன் முன்னால் போய்விட்டார். கூப்பிடக் குரல் வரவில்லை. பனியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் நெஞ்சை பலமாக அழுத்தி, கடைசி முயற்சியாக இருமினார். அடைப்பு வெளியே வந்துவிட்டது. கடுங்குளிரில் உறைந்து செத்துப்போன தொண்டையின் உள்தோல்தான் உரிந்து வழியை அடைத்திருந்தது. உயிர் பிழைத்தார்.

நான்கு நாள் கழித்து மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் உச்சிக்குக் கிளம்பினார்கள். திரும்பவே இல்லை. மல்லோரி கையில் இருந்த கேமரா சோமர்வெல் கொடுத்தது என்று சொல்லப்படுகிறது. 1999-ல் மல்லோரியின் உடல் கிடைத்தது. கேமரா இன்னும் கிடைக்கவில்லை.

சோமர்வெல் அங்கிருந்து நேராக நெய்யூர் வேலைக்குத் திரும்பினார். 1925-ல் மார்கரெட் ஹோப் சிம்ப்சனைத் திருமணம் செய்தார். மூன்று மகன்கள் பிறந்தார்கள்.

வயித்து வலி என்றால் எந்த வலி?

இனி டாக்டர் வேலைக்கு வருவோம். வயித்து வலி என்று ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு என்ன செய்வார்கள்? அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன், எண்டோஸ்கோபி. ஒரு நாளில் விஷயம் தெரிந்துவிடும்.

1920-களில் இது எதுவும் கிடையாது. வளையும் எண்டோஸ்கோபி கருவி 1957-ல்தான் வந்தது. சி.டி. ஸ்கேன் 1970-களில். டாக்டரிடம் இருந்தது காது, கை, சிறுநீர் பரிசோதனை, எக்ஸ்ரே. அதற்கு மேல் வேண்டுமென்றால் வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

அதனால் நோயாளி சொல்லும் கதையே பாதி பரிசோதனை. மேல் வயிற்றின் நடுவில் எரிச்சல், வெறும் வயிற்றில் கூடும், சாப்பிட்டால் அடங்கும், நடுராத்திரியில் எழுப்பிவிடும் என்றால் சிறுகுடலின் தொடக்கத்தில் புண் இருக்க வாய்ப்பு அதிகம். இடுப்புப் பக்கத்தில் பிடித்து, அடிவயிறு வழியாகத் தொடை வரை இறங்கி, ஒரு நிலையில் படுக்கவே விடாமல் புரட்டி எடுக்கிறது, சிறுநீரில் ரத்தம் கலக்கிறது என்றால் சிறுநீரகக் கல் மீது சந்தேகம் போகும்.

எக்ஸ்ரே கொஞ்சம் உதவும். கால்சியம் கலந்த கல் அதில் வெள்ளையாகத் தெரியும். ஆனால் சிறுநீரகத்தின் உள்பாதையைப் பார்க்க முடியாது. ஊசியில் ஏற்றும் ஒரு திரவம் சிறுநீரகம் வழியாக வெளியேறும்போது அந்தப் பாதையை எக்ஸ்ரேயில் காட்டும் முறை 1929-ல்தான் வந்தது. இரைப்பைக்கு வேறு வழி இருந்தது. பேரியம் கலந்த கஞ்சி போன்ற திரவத்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால் புண்ணும் அடைப்பும் நிழலாகத் தெரியும்.

ஒரு டாக்டர் வலியின் இடத்தை மாற்றிப் புரிந்துகொண்டால், திறக்கக் கூடாத இடத்தைக் கத்தி திறக்கும். ரத்தம் ஏற்றும் வசதியும் ஆன்டிபயாடிக்கும் பரவலாக வராத காலத்தில் அதற்கு விலை ஓர் உயிர்.

இங்கே மட்டும் ஏன்?

நெய்யூரில் சோமர்வெல்லை அசரவைத்தது இந்தக் குடல்புண்தான். இங்கிலாந்திலும் அந்த நோய் உண்டு. ஆனால் தென் திருவிதாங்கூரில் அது வந்த எண்ணிக்கை வேறு, முற்றிய நிலையும் வேறு. பல ஆண்டு புண் ஆறி ஆறித் தழும்பாகி, இரைப்பையின் வாசலே சுருங்கிப்போய், சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகி, எலும்பும் தோலுமாக வருவார்கள். இரைப்பையைச் சிறுகுடலோடு வேறு வழியில் இணைக்கும் ஆபரேஷன் நெய்யூரில் அன்றாட வேலையாகிப்போனது.

ஒவ்வொருவராக ஆபரேஷன் செய்துகொண்டே இருந்தால் வரிசை முடியப்போவதில்லை. ஆக, அவரும் சக டாக்டர் இயன் ஆரும் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். நாஞ்சில் நாடு நெல் விளையும் பூமி. மேற்கே போகப் போக ஏழை வீட்டுக்கு மரச்சீனிக் கிழங்குதான் சாப்பாடு. அதில் மாவுச்சத்து தவிரப் பெரிதாக ஒன்றும் கிடையாது. பருப்பு, பால், காய்கறி எல்லாம் காசு இருந்தால்தான். கோதுமை சாப்பிடும் வட இந்தியாவில் இந்தப் புண் குறைவு, அரிசியும் கிழங்கும் சாப்பிடும் தெற்கில் அதிகம் என்ற வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

அதே காலத்தில் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதிச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் மரச்சீனிச் சாப்பாடு தின்ற எலிகளுக்கு வயிற்றில் புண் அதிகம் வந்தது. பஞ்சாப் சாப்பாடு தின்றவற்றுக்கு வரவில்லை. குன்னூரில் இருந்த அந்த ஆய்வகம்தான் பிறகு ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக மாறியது.

குடல்புண்ணின் காரணம், சிகிச்சை பற்றி சோமர்வெல்லும் ஆரும் எழுதிய கட்டுரை 1936-ல் பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை இதழில் வந்தது. இரைப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்களைக் கட்டி அமிலத்தைக் குறைக்கும் ஆபரேஷன் பற்றி 1945-ல் சோமர்வெல் எழுதினார். இரைப்பை, சிறுகுடல் அறுவை சிகிச்சை பற்றித் தனிப் புத்தகமும் வந்தது. நெய்யூர் என்ற ஊர்ப்பெயர் உலக சர்ஜன்களுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

வெற்றிலைப் பெட்டியில் இருந்த விடை

இன்னொரு நோயும் அவர்களை யோசிக்கவைத்தது. வாய்ப் புற்றுநோய். இங்கிலாந்தில் எப்போதாவது பார்ப்பது, இங்கே கூட்டமாக வந்தது. அதுவும் கன்னத்தின் உள்பக்கத்தில்.

டாக்டர் ஆர் நோயாளிகளின் பழக்கத்தை விசாரித்தார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, போயிலை. போயிலையோடு மென்று கன்னத்தில் ஒதுக்கிவைக்கும் பழக்கத்துக்கும் இந்தப் புற்றுக்கும் தொடர்பு இருக்கிறது என்று 1933-ல் லான்செட் இதழில் எழுதினார். புகையிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் பல ஆண்டுகள் இருந்த நேரம் அது. அந்த நோயாளிகளுக்கு ரேடியம் வைத்துச் சிகிச்சை கொடுத்த ஆஸ்பத்திரி நெய்யூர்.

எது சரி? எது தவறு?

வெற்றிலைப் போயிலை விஷயத்தில் நெய்யூர் சொன்னது சரியாகவே இருந்தது. போயிலை இல்லாமல் வெறும் பாக்கு மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் அறிவித்தது.

குடல்புண் கதை வேறு. 1982-ல் ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு டாக்டர்கள் இதற்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்று பெயர். 2005-ல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்று இந்தப் புண்ணில் பெரும்பாலானவை மாத்திரையிலேயே குணமாகும். கத்தி வைக்கும் தேவை அபூர்வம்.

அப்படியானால் சோமர்வெல் சொன்னது தவறா? பாதி. கிருமியை அவர் பார்க்கவில்லை, பார்க்கும் வழியும் அன்று இல்லை. ஆனால் வடக்கிலும் தெற்கிலும் அதே கிருமி பரவலாக இருக்கும்போது, புண் மட்டும் தெற்கில் ஏன் அதிகமாக இருந்தது? இதற்குக் கிருமி மட்டும் விடை சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் பங்கு இருக்கலாம் என்ற அவருடைய சந்தேகம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

வேலூர், கடைசி நாட்கள்

1938-ல் அவருக்கு கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கிடைத்தது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் அவர் கப்பல் ஏறிவிடவில்லை. 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.க்குப் போய் அறுவை சிகிச்சைப் பேராசிரியராக 1961 வரை பாடம் எடுத்தார். 1953-ல் ஓ.பி.இ. பட்டம் வந்தது. இங்கிலாந்து திரும்பியதும் மலையேறுபவர்களின் பழம்பெரும் அமைப்பான ஆல்பைன் கிளப்புக்குத் தலைவராக இருந்தார். 1975 ஜனவரி 23-ம் தேதி தன் 84-வது வயதில் ஆம்பிள்சைடில் காலமானார்.

சிறுநீரக நோய்க்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் சிறுநீரகம் கெடுவதற்கு வழக்கமான காரணங்கள். ஆனால் இந்த இரண்டும் இல்லாத விவசாயக் கூலிகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்துபோவதை உலகின் சில பகுதிகளில் டாக்டர்கள் பார்க்கிறார்கள். ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம், இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை, அப்புறம் மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள். பெயரே காரணம் தெரியாத நாள்பட்ட சிறுநீரக நோய்தான்.

வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க வேலை செய்வதா, குடிநீரா, பூச்சிமருந்தா? ஒற்றைக் காரணத்தை இதுவரை யாரும் உறுதி செய்யவில்லை. இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது. கால் வீங்கி, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்கு வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் என்ற இரண்டு எளிய பரிசோதனைகள்தான் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

நெய்யூர் காலத்து முறை இங்கே இன்னும் செல்லும். நோயாளி எந்த ஊர், என்ன சாப்பிடுகிறார், எந்தத் தண்ணீர் குடிக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்று கேட்க வேண்டும். ஒரே ஊரில் ஒரே மாதிரி நோய் திரும்பத் திரும்ப வந்தால் அதை எழுதிவைக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. டாக்டரிடம் போகும்போது வலிக்கும் இடத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டாம். எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, சிறுநீரின் நிறம் மாறியதா, நுரைக்கிறதா, வெயிலில் எத்தனை மணி நேரம் வேலை, கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை எத்தனை, வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இதே பிரச்சினை யாருக்காவது உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த ஸ்கேனிலும் தெரியாத தகவல் அது.